கிணற்றுத் தண்ணீரில் ஒரு பச்சைத் தொட்டி: கேள்வியும் பதிலும்

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறேன். 15 வருடமாகச் செடி வைத்த மீன்தொட்டிகளோடு வாழ்கிறேன். தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் அனுப்பிய கேள்விகளை ஒன்றாக வைத்து இங்கே பதில் எழுதுகிறேன். யார் என்ன கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எப்படி?

கோண்டாவிலிலிருந்து: அண்ணா, ஜப்பான் பாணித் தொட்டிப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு 2 அடித் தொட்டி வாங்கினேன். தரையில் கம்பளம் போலப் படரும் செடி, 12 நியோன் ரெட்ரா. மூன்று கிழமையில் செடி கரைந்துவிட்டது. மீனில் இரண்டுதான் மிச்சம். எங்கே பிழை விட்டேன்?

தம்பி, உங்கள் கவனிப்பில் பிழை இல்லை. அந்த மீனுக்கும் உங்கள் தண்ணீருக்கும் ஒத்துவராது, அவ்வளவுதான். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். சவர்க்காரம் நுரைக்கத் தயங்குவதும் அதனால்தான். நியோன் ரெட்ரா அமேசன் பக்கத்துச் சிற்றோடை மீன். சருகு ஊறிய, கல்சியம் மிகக் குறைந்த, எங்களுடையதைவிடக் குளிர்ச்சியான தண்ணீர் அதற்குப் பழக்கம். எங்கள் வீட்டுத் தொட்டியோ சித்திரையில் 30 பாகையைத் தாண்டும்.

அந்தப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பாணியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ஜப்பானியரான தக்காஷி அமானோ. அவருடைய தொட்டிகளில் சிலிண்டரிலிருந்து காபனீரொட்சைட்டு ஓடும், பலத்த வெளிச்சம் இருக்கும், செடிக்கென்றே செய்த மண் இருக்கும். இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் கம்பளச் செடி பெரும்பாலும் தாங்காது.

நாங்கள் வேறு பக்கத்தால் போகலாம். வலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹோர்ன்வோர்ட் ஆகிய மூன்று நீர்ச்செடிகளும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் இருகாபனேற்றிலிருந்தே தமக்கு வேண்டிய காபனை எடுக்கக்கூடியவை. எங்கள் கிணறுகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. சிலிண்டர் வாங்கும் காசுக்கு இன்னொரு தொட்டியே வாங்கலாம். வலிஸ்நேரியாவைப் பின்வரிசையில் ஐந்தாறு நட்டுவிடுங்கள். ஒரு மாதம் சும்மா நிற்கும், பிறகு வேர்க்கொடி ஓடிச் சுவர் முழுக்க நாடாவாக எழும்பும். அந்த நாடாக்களுக்குள் கப்பி மீன்கள் புகுந்து வரும்போது பாருங்கள், படத்துத் தொட்டி நினைவுக்கே வராது.

மானிப்பாயிலிருந்து: அடியில் என்ன மண் போடுவது? எங்கள் வளவில் நல்ல செம்மண் இருக்கிறது. பாவிக்கலாமா?

தாராளமாக, அக்கா. வலிகாமத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது. அந்த இரும்பு செடிக்கு வேண்டும், களித்தன்மை சத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் வெங்காயமோ புகையிலையோ செய்த தோட்டத்து மண் வேண்டாம். வருடக்கணக்காக உரமும் மருந்தும் விழுந்த மண் அது. வீட்டு வளவில், எரு போடாத ஒரு மூலையில், மேல்மண்ணை வழித்துவிட்டு எடுங்கள்.

எடுத்ததை அப்படியே கொட்ட வேண்டாம். அரித்து, வாளியில் ஊறவைத்து, மிதக்கும் குப்பையை வடித்து, வெயிலில் காயவிடுங்கள். இதையே மூன்று தடவை செய்யுங்கள். எங்கள் வெயிலில் ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு நாள் காணும். இப்படிச் செய்தால் மண்ணில் உக்காமல் கிடப்பது முன்கூட்டியே உக்கிப்போகும், தொட்டிக்குள் அமோனியா கிளம்புவது குறையும். பிறகு ஒரு அங்குலத் தடிப்பில் மண், அதன் மேல் ஒன்றரை அங்குலம் கழுவிய சிறு கல். கல் 2 அல்லது 3 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. அதைவிடப் பெரிதானால் செம்மண் இடுக்கால் மேலேறித் தண்ணீர் தேநீர் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் ஊற்றும்போது ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றுங்கள்.

கடற்கரை மணல் வேண்டாம். உப்பைக் கழுவிவிடலாம், அதில் கலந்திருக்கும் சிப்பித் தூளைக் கழுவ முடியாது. அழகுக்கு வைக்கும் கல்லில் சந்தேகம் இருந்தால் தேசிக்காய்ப் புளியைச் சொட்டுவிடுங்கள். பொங்கினால் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஊற்றும் தொட்டியில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது, தண்ணீரில் ஏற்கெனவே வேண்டியளவு கல்சியம் இருக்கிறது. மழைநீர் கலக்கும் தொட்டியில் மட்டும் வைக்காதீர்கள், நீங்கள் குறைத்ததை அது திரும்பக் கூட்டிவிடும். முருகைக்கல் எந்தத் தொட்டிக்கும் வேண்டாம். அது கடலில் இருக்க வேண்டியது.

ஒரு மாதம் கழித்து ஈர்க்கால் மண்ணை அங்கங்கே மெதுவாகக் குத்திவிடுங்கள். குமிழி வரும், பயப்பட வேண்டாம். அழுகிய முட்டை மணம் பலமாக வந்தால் மண் தடிப்புக் கூடிவிட்டது என்று அர்த்தம்.

நல்லூரிலிருந்து: கிணற்றுத் தண்ணீரில் குளோரீன் இல்லைத்தானே, நேரே ஊற்றலாமா?

வழமையாக ஊற்றலாம். ஒரு இரவு வாளியில் வைத்து, காலையில் இரண்டு தடவை கோப்பையால் மொண்டு உயர ஊற்றிவிட்டுச் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆழத்துத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம். ஆனால் மாரி வெள்ளத்துக்குப் பிறகு சுகாதாரப் பகுதியினர் கிணறுகளுக்குக் குளோரீன் போடுவார்கள். அதை மறந்து தண்ணீர் மாற்றி ஒரு தொட்டி முழுவதையும் இழந்திருக்கிறேன். அதிலிருந்து, கிணற்றுக்கு மருந்து போட்டால் இரண்டு கிழமைக்குத் தொட்டிப் பக்கமே வாளி கொண்டுபோவதில்லை. அவசரம் என்றால் மீன் கடையில் விற்கும் குளோரீன் நீக்கியைச் சேருங்கள்.

வேலணையிலிருந்து: எங்கள் கிணறு சவர். குடிக்கவே வெளியிலிருந்துதான் தண்ணீர். செடித்தொட்டி எங்களுக்குக் கனவுதானா?

கனவே இல்லை. மெல்லிய சவர் என்றால் மொலி மீன் உங்கள் தண்ணீரில்தான் எங்கள் தண்ணீரைவிடச் செழிக்கும். செடியில் நீர்ப்பிரம்மி வையுங்கள். சவர் நிலத்திலும் தானாக வளரும் செடி அது, தண்ணீருக்கு அடியிலும் நிமிர்ந்து நிற்கும். ஜாவா பேர்ணைக் கட்டையில் கட்டிவிடலாம். வலிஸ்நேரியாவில் நாலு செடியை மட்டும் வைத்துப் பாருங்கள், ஒரு மாதம் நின்றால் நிற்கும். மீனில் இன்னொன்று, மஞ்சள் உடலும் சிறு புள்ளிகளும் கொண்ட ஒரேஞ்ச் குரோமைட். இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான, களப்பிலும் வாழும் மீன். சோடி குஞ்சுகளைக் காவல் காப்பதைப் பார்க்க ஒரு நாள் போதாது. நாக்கில் வைக்க முடியாத உப்பு என்றால் மட்டும், பாதிக்குப் பாதி மழைநீர் கலக்காமல் தொடங்காதீர்கள்.

சாவகச்சேரியிலிருந்து: மழைநீர் மட்டும் நிரப்பினால் கல்சியம் குறைந்த மென்மையான தண்ணீர் கிடைத்துவிடுமே?

கிடைக்கும், ஆனால் தாங்காது. மழைநீரில் கரைந்த உப்புகள் இல்லாததால் அமிலம் கூடும்போது அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. ஒரு இரவில் மீன் எல்லாம் மேலே வந்துவிடும். பாதி மழை, பாதி கிணறு நல்ல கலவை. ஐப்பசியின் முதல் மழைகளை விட்டுவிடுங்கள், கூரையின் ஆறு மாதத் தூசி அதில்தான் வரும்.

இதோடு சேர்த்து, பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்கிறேன். தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் மாதங்களில் தொட்டித் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், கல்சியம் உள்ளேயே நிற்கிறது. குறைந்ததைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் நாலைந்து மாதத்தில் தொட்டித் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிடக் கடினமாகிவிடும். கண்ணாடியின் மேல் விளிம்பில் சுரண்டினாலும் போகாத வெள்ளைக் கோடு விழுந்தால் அதுதான் அடையாளம். ஆகவே ஆவியாகிக் குறைந்ததை மழைநீரால் அல்லது குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். அள்ளி மாற்றுவதற்குக் கிணற்றுத் தண்ணீர். மாதத்துக்கு ஒரு தடவை கால்வாசி மாற்றினால் செடி நிறைந்த தொட்டிக்குக் காணும்.

பருத்தித்துறையிலிருந்து: கரண்ட் போனால் என்ன செய்வது?

2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது என் செடித்தொட்டிகளில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. செடி நிறையவும் மீன் குறையவும் இருந்தால் பில்ரர் ஒரு வசதி மட்டுமே. மீன் கூட்டம் கூட்டமாக இருக்கும் தொட்டியில்தான் அது உயிர்நாடி. கிழக்கு ஜன்னலோரம் காலையில் ஒரு மணித்தியால வெயில் படும்படி தொட்டியை வையுங்கள். மற்ற நேரத்துக்குச் சாதாரண எல்ஈடி லைற், 6 முதல் 8 மணித்தியாலம். மேற்கு ஜன்னல் வேண்டாம், பின்னேர வெயில் தண்ணீரைக் காய்ச்சிவிடும்.

உடுவிலிலிருந்து: தொட்டிக்குள் வைக்கக் கட்டை எங்கே எடுப்பது?

காய்ந்த கொய்யாக் கிளை. தோலை உரித்து, அவித்து, மூழ்கும்வரை ஊறவையுங்கள். வேம்பு கூடாது, மீனுக்கு நஞ்சு. அலரியும் எருக்கும் பக்கத்திலேயே வரக்கூடாது.

திருநெல்வேலியிலிருந்து: விறாந்தையில் தொட்டி வைத்தால் டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் பிரச்சினை செய்வார்களா?

மீன் உள்ள தொட்டியில் நுளம்புக் குடம்பி ஒரு நாள்கூடத் தப்பாது. ஆபத்து முதல் மாதத்தில்தான். செடி நட்டு, மீன் விடாமல் காத்திருக்கும் அந்த நாட்களில் தொட்டி நுளம்புக்கு நல்ல இடம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. அதைவிட, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக் கூடாது. நுளம்பு வலையை இறுக்கிக் கட்டுங்கள். மழைநீர் சேர்க்கும் வாளிகளுக்கும் மூடி கட்டாயம்.

அரியாலையிலிருந்து: சரி, கடைசியில் என்ன மீன், எத்தனை, எப்போது விடுவது?

24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம் உள்ள தொட்டி கணக்குக்கு 56 லீற்றர். மண்ணும் கல்லும் போக 45 லீற்றர் தண்ணீர் நிற்கும். செடி நட்டு நாலு கிழமை கழித்து, புது இலை வரத் தொடங்கியபின், ஐந்து ஆண் கப்பி மட்டும் விடுங்கள். மீன் கழிவில் வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்றீரியாக்கள் பெருகக் காலம் வேண்டும். எங்கள் மாதிரிக் காரத் தண்ணீரில், இந்தச் சூட்டில், அமோனியாவின் நஞ்சு இன்னும் கூட. அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் உடனே கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள்.

இரண்டு கிழமை கழித்து இன்னும் ஐந்து. பெண் கப்பியும் சேர்த்தால் மாதம் ஒரு தடவை குட்டி போடும், தொட்டி நிறைந்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. குளங்களின் கரையோரம், தலையில் வெள்ளிப் பொட்டோடு மேற்பரப்பை ஒட்டியே நீந்தும் சிறு மீனைப் பார்த்திருப்பீர்கள். அப்லோகைலஸ் இனம். அதில் ஒரு சோடி இருந்தால் மிஞ்சும் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும். மூடி மட்டும் வேண்டும், நன்றாகப் பாயும்.

எனக்கு மிகப் பிடித்தது செர்ரி பார்ப். இலங்கையின் தென்மேற்கு ஈர வலயத்து நிழலோடைகளுக்கு மட்டுமே உரிய மீன். உலகம் முழுக்கத் தொட்டிகளில் இருக்கிறது, எங்கள் வீடுகளில் காண்பது அரிது. மழைநீர் கலந்த தொட்டியில் எட்டு விடுங்கள், ஓடையில் பிடித்ததை அல்ல, தொட்டியில் பெருக்கியதைக் கேட்டு வாங்குங்கள். நிழல் இருந்தால் ஆண் மீன் சிவந்து வரும்.

உரும்பிராயிலிருந்து: என்ன செய்தாலும் நூல்பாசி போகவில்லை.

உங்கள் பக்கம் தோட்டக் காணிகள். உரத்தின் நைத்திரேற்று கிணற்றுக்கு இறங்கியிருக்கும். நீங்கள் தண்ணீர் மாற்ற மாற்றப் பாசிக்குத்தான் சாப்பாடு போகிறது. தண்ணீர் மாற்றுவதைக் குறைத்து, வெளிச்சத்தை 5 மணித்தியாலமாக்கி, ஹோர்ன்வோர்ட்டை ஒரு கட்டு மிதக்கவிடுங்கள். அது வளர்ந்ததை வாரம் ஒரு பிடி அள்ளி வெளியே போடும்போது நைத்திரேற்றும் அதோடு வெளியேறும். வாழைக்கு அடியில் போடுங்கள், நல்ல பசளை.

சுன்னாகத்திலிருந்து: பெரிதாகிப்போன சக்கர் மீனைக் கோயில் கேணியில் விடலாமா? புண்ணியம் என்கிறார் அம்மா.

வேண்டாம் தம்பி, அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். சக்கர் தென்னமெரிக்க மீன், இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவி உள்ளூர் மீன்களை நெருக்குகிறது. மாரியில் கேணியும் குளமும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும். நீலப் பூவுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909இலேயே இங்கே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. இன்றும் அதை அள்ளி முடிக்கவில்லை. மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது சீமெந்துத் தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். கழித்த செடியையும் வாய்க்காலில் எறியாமல் வெயிலில் காயப்போடுங்கள்.

இணுவிலிலிருந்து: கிரிப்டோகொரைன் வெண்ட்டி வாங்கி நட்டேன். ஒரு கிழமையில் இலை முழுக்கக் கூழாகிவிட்டது. பிடுங்கிவிடவா?

பிடுங்காதீர்கள்! அதுவும் எங்கள் தீவின் செடிதான். தண்ணீர் மாறினால் பழைய இலையை உதிர்த்துவிடும். கூழான இலைகளை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு, கிழங்கை விரலால் தொட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது. மூன்று, நாலு கிழமையில் உங்கள் தண்ணீருக்கு ஏற்ற புது இலை சுருண்டபடி மண்ணிலிருந்து வரும். அதற்கிடையில் இடம் மாற்றி நட வேண்டாம், மாற்றினால் திரும்பவும் முதலிலிருந்துதான்.