சூடு எங்கே போகும்?

கேள்வி: வேதிப் பொறியியல் துறைகளில் வினைகளைப் பெரிய அளவில் செய்வதற்கென்றே ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. 1 லிட்டர் குடுவையில் நடந்ததை 1,000 லிட்டர் கலனில் செய்ய, எல்லாவற்றையும் ஆயிரம் மடங்கு போட்டால் போதாதா?

பதில்: போதாது. வெப்பம் உமிழும் வினையென்றால் ஆபத்தும்கூட. கொள்ளளவு 1,000 மடங்கு பெருகினால், அதே வடிவக் கலனின் சுவர்ப்பரப்பு 100 மடங்குதான் பெருகும். சூடு பிறப்பது திரவம் முழுவதிலும். வெளியேறுவதோ சுவர் வழியாக. ஆக, லிட்டருக்குக் கிடைக்கும் குளிர்விக்கும் பரப்பு பத்தில் ஒன்றாகிவிடுகிறது. பல வினைகள் 10 டிகிரி ஏறினாலே ஏறத்தாழ இருமடங்கு வேகம் பிடிக்கும். சுவர் வழி வெளியேற்றம் அந்த வேகத்தில் ஏறாது. வினை கைமீறி மேலும் மேலும் சூடேறும் 'கட்டுமீறல்' இப்படித்தான் தொடங்குகிறது.

அதனால்தான் முதலில் வினைக் கலோரிமானியில் வெப்பத்தை அளக்கிறார்கள். பிறகு, ஒரு வினைப்பொருளைக் கலனில் வைத்து, மற்றதைச் சிறிது சிறிதாக விடுவார்கள். ஊற்றுவதை நிறுத்தினால் வினையும் அடங்க வேண்டும். இதில் பலர் சறுக்குவது, 'எதற்கும் இருக்கட்டும்' என்று கலனை அதிகம் குளிரவைப்பதில். வினை மந்தமாகி, ஊற்றிய பொருள் வினைபுரியாமல் தேங்கும். பிறகு சற்றே சூடேறினாலும் தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் வினைபுரியும். கலனுக்குள் சுழன்று கலக்கும் கருவி நின்றுபோனாலும் இதே கதிதான். பதறிப்போய் உடனே மறுபடி சுழலவிடுவது நிலைமையை இன்னும் மோசமாக்கலாம்.

கேள்வி: புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் முறை 1930-லேயே காப்புரிமை பெற்றதாமே! இன்னும் ஆராய என்ன இருக்கிறது?

பதில்: சூடாக்கத் தேவைப்படும் நீராவியின் செலவுதான். எடையில் 30 சதவீத மோனோஎத்தனாலமீன் (அமீன் வகை வேதிப்பொருள்) கரைசல் சுமார் 40 டிகிரியில் வாயுவைப் பிடித்துக்கொள்ளும். சுமார் 120 டிகிரியில் விட்டுவிடும். மீதி 70 சதவீதத் தண்ணீரையும் ஒவ்வொரு சுற்றிலும் சூடாக்கியாக வேண்டும். அமீனைக் கூட்டினால் அது எஃகை அரிக்கும். புகையிலுள்ள ஆக்சிஜன் அமீனையே சிதைக்கும். மாற்றாகத் திண்ம உறிஞ்சுபொருட்களைத் தேடுகிறார்கள். அப்படியொரு ஆய்வறிக்கை கண்ணில் பட்டால், ஈரமான புகையில் சோதித்தார்களா என்று முதலில் பாருங்கள். உலர்ந்த வாயுவில் பிரமாதமாக உழைத்த பல பொருட்கள், நீராவி பட்டதும் படுத்துவிடுகின்றன.

கேள்வி: எத்தனாலை வாலைவடித்தே 100 சதவீதத் தூய்மைக்குக் கொண்டுவர முடியாதா?

பதில்: சாதாரண அழுத்தத்தில் முடியாது. எடையில் சுமார் 95.6 சதவீதத்தை எட்டியதும் ஆவியிலும் திரவத்திலும் எத்தனால்-நீர் விகிதம் ஒன்றேயாகிவிடும். மிச்ச நீரை 3 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துளையுள்ள மூலக்கூறு சல்லடை எடுத்துவிடும்; நீர் நுழையும், எத்தனால் நுழையாது.