வறுமைதான் காரணம் என்றால் ஏழைகளில் பெரும்பாலோர் ஏன் திருடுவதில்லை?

இது உங்கள் கேள்வி. அதன் பின்பாதியில், சிலர் பிறவியிலேயே அப்படியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இதை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். "இவன் ஏன் செய்தான்" என்பது ஒன்று. "இங்கே, இந்த நேரத்தில் ஏன் நடந்தது" என்பது வேறு. டீக்கடைப் பேச்சில் இரண்டும் கலந்துவிடுகின்றன.

இரண்டாவதற்குத்தான் விடை தெளிவாக இருக்கிறது. 1960களில் அமெரிக்காவில் வருமானம் கூடியது, கூடவே திருட்டும் கூடியது. லாரன்ஸ் கோஹென், மார்கஸ் ஃபெல்சன் என்ற சமூகவியலாளர்கள் இருவரும் 1979இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். திருடத் துணிந்த ஆள், எடுக்கத் தோதான பொருள், காவலுக்கு யாரும் இல்லாத நிலை: மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருட்டு நடக்காது. அந்தப் பத்தாண்டில் பெண்கள் வேலைக்குப் போகப் போக, வீடுகள் பகலில் பூட்டிக் கிடந்தன. 1960இல் கடைப் பட்டியலில் இருந்த மிக இலேசான டிவி 17 கிலோ. 1970இல் 7 கிலோகூட இல்லை. திருடர்கள் பெருகாமலே திருட்டு பெருக இது போதும்.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று மேற்கு ஜெர்மனி. 1980இல் அங்கே ஹெல்மெட் போடாதவர்களுக்கு நின்ற இடத்திலேயே அபராதம் போடத் தொடங்கினார்கள். நோக்கம் உயிரைக் காப்பது, அவ்வளவே. ஆனால் அந்த ஆண்டு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986இல் சுமார் 54 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. வண்டியைப் பார்த்ததும் சபலப்படுகிறவன் கையில் ஹெல்மெட் இருக்காது. வெறுந்தலையோடு போனால் அடுத்த முக்கில் போலீஸ் மடக்கும். பைக் கிடைக்காதவன் காருக்குப் போயிருப்பானே என்றால், கார் திருட்டு கூடியது சில ஆயிரம்தான்.

திருடுவதைக் கடினமாக்கும் இதே வழி, அரைகுறையாகச் செய்தால் காலை வாரும். ஸ்டியரிங் பூட்டை மேற்கு ஜெர்மனி 1960களிலேயே பழைய கார், புதிய கார் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கியது, திருட்டு குறைந்தது. பிரிட்டன் 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. திருடர்கள் பழைய கார்களுக்குத் தாவினார்கள்.

இனி "இவன் ஏன்". வறுமையைவிட, ஆசை காட்டிவிட்டு வழியை அடைக்கும் சமூகமே ஆளைத் தள்ளுகிறது என்றார் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் (1938). உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானவர் இன்னொரு சமூகவியலாளர், டிராவிஸ் ஹிர்ஷி. ஏன் செய்கிறான் என்பதை விட்டுவிட்டு, மற்றவர்கள் ஏன் செய்வதில்லை என்று 1969இல் கேட்டார். பெற்றோர் மேல் பற்று, இழந்துவிடக் கூடாத படிப்போ வேலையோ, பொழுதை நிரப்பும் காரியங்கள், சட்டம் சரியானது என்ற நம்பிக்கை. இந்த நான்கு கட்டும் இறுகியிருந்தால் பையில் காசில்லாதவனும் கை நீட்ட மாட்டான்.

கை நீட்டுகிறவர்களிலும் எல்லோரும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1945இல் பிறந்த 9,945 பையன்களின் போலீஸ் பதிவுகளை ஆய்வாளர் மார்வின் வுல்ஃப்காங்கின் குழு பார்த்தது. மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் 627 பேரின் கணக்கில் இருந்தது.

பிறவிக் குற்றவாளி என்பது 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ கிளப்பிவிட்டது. தாடையையும் காதையும் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்றார். இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்து, அப்படியொரு தனி உடல்வாகு இல்லை என்று 1913இல் எழுதினார். அதே காலத்தில் நம் ஊரில் அது சட்டமாகவே இருந்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறிப்பிட்ட சாதியில் பிறந்த ஒரே காரணத்துக்காகக் கைரேகை எடுத்தார்கள், ராத்திரி காவல் நிலையத்தில் படுக்க வைத்தார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். சென்னை மாகாணத்தில் அது ஒழிய 1947 ஆயிற்று.