சமயச் சார்பற்ற மனிதநேயமும் டிரான்ஸ்ஹியூமனிசமும் எங்கே பிரிகின்றன?

இரண்டும் ஒன்றுதானே என்ற கேள்வி நியாயமானதே. ஏனெனில் டிரான்ஸ்ஹியூமனிசம் (தொழில்நுட்பத்தால் மனித உடலின் எல்லைகளைக் கடக்கலாம் என்ற கொள்கை) என்ற சொல்லை 1957இல் பரவலாக்கிய உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லிதான், 1952இல் ஆம்ஸ்டர்டாமில் உலக மனிதநேய அமைப்பைத் தொடங்கிய மாநாட்டுக்கும் தலைமை வகித்தவர். கடவுளை நாடாமல் பகுத்தறிவையும் அறிவியலையும் நம்பி வாழ்வது என்பது வரை இரு தரப்புக்கும் பாதை ஒன்றே.

பிரிவது உடலைப் பற்றிய பார்வையில்தான். நாகர்கோவிலில் எங்கள் ஆச்சிக்குக் கண்புரையை நீக்கித் துவரம்பருப்பளவு லென்ஸ் ஒன்றைப் பொருத்தினார்கள். சில வாரங்களில் முற்றத்தில் அமர்ந்து தோவாளைப் பிச்சிப்பூவைத் தவறாமல் எண்ணித் தொடுத்தார். இழந்ததை மீட்கும் இந்தச் சிகிச்சையை இரு தரப்பும் வரவேற்கும். அதே கண்ணுக்கு இருட்டிலும் பார்க்கும் லென்ஸ் கிடைக்குமானால், முதுமையையும் மரணத்தையும்கூடத் தீர்க்கத்தக்க தொழில்நுட்பச் சிக்கலாகக் கருதும் டிரான்ஸ்ஹியூமனிசவாதி உடனே பொருத்தச் சொல்வார். மனிதநேயரோ, அது யாருக்கெல்லாம் கிடைக்கும், கிடைக்காதவர் தாழ்ந்தவராகிவிடுவாரா என்று முதலில் கேட்பார்.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடத்தி, 1859இல் அரசாணை பெற்ற மாவட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தத் தயக்கமே சரியாகப் படுகிறது. ஆயினும் டிரான்ஸ்ஹியூமனிசவாதிகளில் பலர் தங்களை மனிதநேயத்தின் நீட்சியாகவே கருதுகிறார்கள்.