கலிங்கு இல்லாத ஏரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வற்றிப்போன ஏரிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகன் அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் வேலை பார்க்கிறான். சென்ற கோடையில் அங்கே போயிருந்தபோது பிளாக் ராக் பாலைவனத்துக்கு அழைத்துப்போனான். கண்ணுக்கெட்டிய தூரம் வெளுத்த களிமண் தரை. ஒரு செடி இல்லை, ஒரு கல் இல்லை. இதே இடத்தில் 150 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது என்று மகன் சொன்னான். நம்ப முடியவில்லை. மழையே இல்லாத ஊரில் அத்தனை தண்ணீர் எப்படி வந்தது, எங்கே போனது? தரை எப்படி இவ்வளவு மட்டமாக இருக்கிறது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவ்வளவு பெரிய ஏரியை மனிதன் கை வைக்காமலே இயற்கை வற்றவைத்திருக்கிறது. அப்படியிருக்க, மத்திய ஆசியாவின் ஏரல் கடல் என்ற ஏரி வற்றியதற்கு நீங்கள் ஏன் இவ்வளவு வருந்துகிறீர்கள்? ஏரிகள் வரும், போகும். அதுதானே இயற்கை? அடுத்த ஆண்டு மீண்டும் போகிறோம். எந்த மாதத்தில் போகலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்., மதுரை

*

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

உங்கள் மகன் சொன்னது உண்மை. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு நீங்கள் நின்ற இடம் லஹோன்டன் என்று இன்று பெயரிடப்பட்டிருக்கும் ஏரியின் அடித்தரை. அது பெருகி நின்ற காலத்தில் அதன் பரப்பு ஏறக்குறைய 22,000 சதுர கிலோமீட்டர். பாலைவனத்துக்குப் பெயர் தந்த அந்தக் கருப்புப் பாறையின் அடிவாரமும் நீருக்குள்தான் இருந்தது.

தண்ணீர் எங்கே போனது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர் ஏரிக்கு மதகு உண்டு, கலிங்கு உண்டு. நிறைந்தால் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், ஆற்றைச் சேரும், கடைசியில் கடலுக்குப் போகும். நெவாடாவின் பெரும்பகுதியும் யூட்டாவின் மேற்குப் பாதியும் அடங்கிய வடிநிலத்துக்கு அப்படி ஒரு கலிங்கே கிடையாது. அங்கே விழும் மழை கடலைப் பார்ப்பதில்லை. ஆறுகள் மலையில் பிறக்கின்றன, ஏதோ ஒரு பள்ளத்தில் போய் முடிகின்றன. பள்ளத்திலிருந்து நீர் வெளியேற ஒரே வழி ஆவியாவதுதான். லஹோன்டன் ஏரியும் அந்த வழியாகத்தான் போனது.

பள்ளங்கள் உண்டான கதை இன்னும் பழையது. ஏறத்தாழ 1.7 கோடி ஆண்டுகளாக அங்கே பூமியின் மேலோடு கிழக்கும் மேற்குமாக இழுபட்டு வருகிறது. இழுபட்ட பாறை பிளந்து துண்டுகளானது. சில துண்டுகள் கீழே இறங்கின, சில சாய்ந்து எழுந்தன. எழுந்தவை மலைத்தொடர்கள், இறங்கியவை பள்ளத்தாக்குகள். ரீனோவுக்கு விமானத்தில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் மலை, பள்ளம், மறுபடி மலை, மறுபடி பள்ளம் என்று வடக்கு தெற்காக வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலோடு மெலிந்துபோனதால் அடியிலிருக்கும் சூடும் பக்கத்தில் வந்துவிட்டது. பிளவுகள் வழியாக இறங்கும் நீர் சூடேறி மேலே வருகிறது. பாலைவனத்தின் ஓரங்களில் வெந்நீர் ஊற்றுகள் இருப்பது அதனால்தான்.

இனி மழை. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் சியர்ரா நெவாடா மலைத்தொடரில் முட்டுகிறது. 4,000 மீட்டரையும் தாண்டும் சிகரங்கள் அதில் உண்டு. மேலே ஏறும் காற்று குளிர்ந்து தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் பனியாகக் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கி வரும்போது அது காய்ந்த காற்று. அதனால் பிளாக் ராக் பகுதியில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழை கிடைத்தாலே நல்ல ஆண்டு. அதிலும் பெரும்பங்கு குளிர்காலத்தில் மழையாகவோ பனியாகவோ விழுவது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,190 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இது குளிர்ப் பாலைவனம். நீங்கள் கோடையின் வெயிலைப் பார்த்தீர்கள். ஜனவரியில் அதே தரை உறைந்து கிடக்கும்.

இவ்வளவு வறண்ட இடத்தில் அத்தனை தண்ணீர் எப்படி நின்றது? ஒரு மூடிய பள்ளத்தில் ஏரியின் அளவை முடிவு செய்வது வரவும் செலவும்தான். ஆறும் மழையும் வரவு, ஆவியாதல் செலவு. வரவு கூடினால் ஏரி பரவும். பரப்பு கூடக்கூட ஆவியாதலும் கூடும். இரண்டும் சமமாகும் இடத்தில் ஏரி நின்றுவிடும். அதே நெவாடாவில் இன்றும் உயிரோடிருக்கும் பிரமிட் ஏரி ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் நீரை வெயிலுக்குக் கொடுக்கிறது. பனியுகத்தின் கடைசிக் கட்டத்தில் கனடாவை மூடியிருந்த பெரும் பனிப்பாளம், மழை கொண்டுவரும் மேற்குக் காற்றோட்டத்தைத் தெற்கே தள்ளியது. வரவு கூடியது. வானம் மேகமூட்டமாகவும் காற்று குளிராகவும் இருந்ததால் செலவு குறைந்தது. சமநிலை மாறியது, பள்ளங்கள் நிறைந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. ஆகவே நோவா காலத்து வெள்ளம் போன்ற எதையும் கற்பனை செய்ய வேண்டாம். நூற்றாண்டுக்கணக்கில் கொஞ்சம் அதிக மழையும் கொஞ்சம் குறைவான வெயிலும் நீடித்தாலே போதும். பனிப்பாளம் பின்வாங்கியதும் கணக்கு மறுபடி தலைகீழானது.

அந்த ஏரியின் கரைகளை இன்றும் பார்க்கலாம். அடுத்த முறை சுற்றியுள்ள மலைச்சரிவுகளைக் கவனியுங்கள். படிக்கட்டுபோல் கிடைக்கோடுகள் தெரியும். அலைகள் அரித்த தடங்கள் அவை. என்னை இன்றுவரை வியக்கவைக்கும் செய்தி அவற்றில் ஒளிந்திருக்கிறது. ஒரே நீர்மட்டத்தில் உண்டான கரைத்தடம் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில்தானே இருக்க வேண்டும்? இல்லை. ஏரியின் நடுப்பகுதியில் இருப்பவை ஓரத்தில் இருப்பவற்றைவிடச் சுமார் 20 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அத்தனை தண்ணீரின் எடையைத் தாங்காமல் பூமியின் மேலோடு அமுங்கியிருந்தது. தண்ணீர் போனதும் பாரம் இறங்கித் தரை மெல்ல எழும்பிவிட்டது. அங்கே ஏரி இருந்ததா என்று சந்தேகப்படுபவருக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

தரை மட்டமாக இருப்பதற்கும் தண்ணீர்தான் காரணம். பழைய ஏரியின் அடியில் படிந்த களிமண்ணும் வண்டலும் முதல் காரணம். ஆனால் அது மட்டும் போதாது. 15,000 ஆண்டுக் காற்றும் மழையும் எந்தத் தரையையும் மேடுபள்ளமாக்கிவிடும். பிளாக் ராக் தரை அப்படி ஆகாததற்குக் காரணம், அது பெரும்பாலான குளிர்காலங்களில் மறுபடி ஏரியாவதுதான். வடகிழக்கிலிருந்து வரும் குவின் ஆறும் சுற்றுமலைகளின் பனியுருகு நீரும் அங்கே வந்து சேர்கின்றன. ஆழம் கணுக்கால் அளவுகூட இருக்காது. ஆனால் மைல்கணக்கில் பரவி நிற்கும். காற்று அந்த மெல்லிய நீரை இங்குமங்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். கலங்கிய வண்டல், வெடிப்புகளிலும் வண்டித்தடங்களிலும் போய் நிரம்பும். வெயில் ஏறியதும் நீர் ஆவியாகி, களிமண் சுருங்கி, பலகோண வெடிப்புகளோடு புதிய பொருக்கு கட்டும். நல்ல மழைக்குப் பிந்தைய கோடையில் தரை கெட்டியாக இருக்கும். மழை பொய்த்த ஆண்டுக்குப் பிறகு புழுதியாக இருக்கும். அந்த நீர் நிற்கும் சில வாரங்களில், மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த முட்டைகளிலிருந்து சின்னஞ்சிறு இறால்கள் பொரித்து வருகின்றன. அவற்றைத் தின்னப் பறவைகள் இறங்குகின்றன. உயிரே இல்லை என்று நினைத்து நீங்கள் நடந்த மண்ணில் அந்த முட்டைகள் இருந்திருக்கும்.

இந்தத் தரையை நம்பித்தான் பிரிட்டிஷ் விமானி ஆண்டி கிரீன் 1997 அக்டோபர் 15 அன்று அங்கே மணிக்கு 1,228 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டினார். தரையில் ஓடும் வாகனம் ஒலியின் வேகத்தைத் தாண்டி நிறுவிய முதல் சாதனை அது. அதே தரையில் 2023 செப்டம்பர் தொடக்கத்தில், ஆண்டுதோறும் அங்கே நடக்கும் பர்னிங் மேன் திருவிழாவுக்கு வந்திருந்த 70,000 பேர் ஒரு சாதாரண மழைக்கு நகர முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். நனைந்த களிமண் சக்கரத்திலும் செருப்பிலும் அப்பிக்கொண்டது. இரண்டு செய்திகளும் ஒரே மண்ணைப் பற்றியவைதான்.

உப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்லியே ஆக வேண்டும். கடலுக்குப் போகாத ஏரி வற்றினால் அதன் உப்பெல்லாம் அங்கேயே தங்க வேண்டும். யூட்டாவின் பான்வில் உப்புவெளி அப்படித்தான் பளீரென்று கிடக்கிறது. பிளாக் ராக்கில் நீங்கள் கண்டதோ பெரும்பாலும் களிமண். லஹோன்டனின் உப்பு எங்கே? 1880களில் இந்த வடிநிலம் முழுவதையும் ஆராய்ந்த இஸ்ரேல் ரஸ்ஸல் என்ற நிலவியலாளர் இதைத்தான் கேட்டுக்கொண்டார். அவர் கண்ட விடை: ஏரி முற்றாக வற்றிய காலங்களில் உப்பு அடியில் படிந்தது, அதன்மேல் களிமண் மூடியது, மீண்டும் நீர் வந்தபோது அந்த உப்பு கரையாமல் கீழேயே தங்கிவிட்டது. லஹோன்டனின் எச்சமான பிரமிட் ஏரியின் உப்பு கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மற்றவற்றையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதியது இதைச் சொல்வதற்காகத்தான்.

ஏரிகள் வரும், போகும் என்பதை ஏற்கிறேன். ஆனால் பிளாக் ராக்கிலிருந்து சிறிது தூரத்தில், பிரமிட் ஏரிக்குக் கிழக்கே ஒரு மலைத்தொடரைத் தாண்டினால் இன்னொரு வறண்ட ஏரி இருக்கிறது. பெயர் வின்னமுக்கா. டஹோ ஏரியிலிருந்து வரும் டிரக்கி ஆறு பிரமிட் ஏரியை நிரப்பி, மிஞ்சிய நீரை வின்னமுக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1905ல் டிரக்கி ஆற்றில் டெர்பி அணையைக் கட்டி, நீரைப் பாசனத்துக்குத் திருப்பினார்கள். 1930களின் முடிவுக்குள் வின்னமுக்கா வற்றிவிட்டது. பறவைகளுக்கான தேசியச் சரணாலயமாக அது அறிவிக்கப்பட்டது 1936ல். ஏரி இல்லாத சரணாலயம் எதற்கு என்று பின்னர் அந்த அறிவிப்பையும் விலக்கிக்கொண்டார்கள். அந்த ஏரியின் மேற்குக் கரைப் பாறைகளில் மனிதர்கள் செதுக்கிய கோடுகள் உள்ளன. ஏரியின் மட்டம் ஏறி இறங்கிய காலங்களை வைத்து 2013ல் கணித்தபோது, அவை 10,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை என்று தெரிந்தது. பனியுகம் முடிந்தும், வெயில் காலங்கள் பல வந்தும், 20ஆம் நூற்றாண்டு வரை அங்கே நீர் இருந்தது. அதை ஒரே தலைமுறையில் தீர்த்தது மனிதர்களின் முடிவு. பிரமிட் ஏரியின் மட்டமும் 1960களுக்குள் 20 மீட்டருக்கும் மேல் இறங்கியது. குய்-உய் என்ற மீனை நம்பி வாழ்ந்து, அந்த மீனின் பெயராலேயே தங்களை அழைத்துக்கொண்ட பையூட் பழங்குடியினர் தங்கள் ஏரிக்காகப் பல பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் போராட வேண்டியிருந்தது. அவர்களிடம் போய் ஏரிகள் வரும், போகும் என்று சொல்ல எனக்கு நா எழாது.

இதில் வருத்தம் மட்டும் இல்லை, நிலவியலும் இருக்கிறது. பிளாக் ராக்கில் வண்டியோட்டிப் பொருக்கை உடைத்தால் புழுதி எழும். மழையற்ற ஆண்டுகளில் தானாகவும் எழும். ஆனால் குளிர்கால நீர் வந்து அந்தக் காயத்தை மூடிக்கொண்டே இருக்கிறது. மனிதர் திடீரென்று வற்றவைத்த ஏரியில் உப்பு புதைந்துபோக நேரமே கிடைப்பதில்லை. கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரியைப் பாருங்கள். 1913ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கால்வாய் வெட்டி, ஏரியை நிரப்பிவந்த ஓவன்ஸ் ஆற்றைக் கொண்டுபோனார்கள். 1920களிலேயே ஏரி வற்றியது. அங்கே மேற்பரப்பில் தங்கிய சோடியம் உப்புகள் குளிரில் நீரை ஏற்று வீங்குகின்றன, பிறகு அதை இழந்து மாவாகிவிடுகின்றன. அந்த மாவு காற்றேறி, அமெரிக்காவிலேயே ஓரிடத்திலிருந்து எழும் நுண்புழுதியில் மிக அதிகமானது என்ற நிலைக்குப் போனது. அதை அடக்க அந்த நகரம் 200 கோடி டாலருக்கும் மேல் செலவழித்திருக்கிறது. ஏரல் கடலில் நடந்ததும் இதுவே. 1960ல் 68,000 சதுர கிலோமீட்டர் இருந்த நீர்ப்பரப்பு, பருத்தி வயல்களுக்கு ஆறுகளைத் திருப்பியதால் அரைநூற்றாண்டுக்குள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அங்கே எழும் உப்புப் புழுதியில் பூச்சிமருந்தின் எச்சமும் கலந்திருக்கிறது. அதைச் சுவாசிப்பவர்கள் கரையோரத்து மக்கள். லஹோன்டன் பல நூற்றாண்டுகளில் பின்வாங்கியது, தாவரமும் விலங்கும் மனிதரும் கூடவே நகர நேரம் இருந்தது. ஏரல் கடலின் மீனவருக்கு அந்த நேரம் கொடுக்கப்படவில்லை. இரண்டையும் இயற்கை என்ற ஒரே சொல்லில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தரையில் இறங்கிப் போவதானால் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் போங்கள். ஆகஸ்ட் கடைசியில் திருவிழாக் கூட்டம் இருக்கும், அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் நீர் பரவியிருக்கும் காட்சியை ஓரத்தில் நின்று பாருங்கள், வண்டியை உள்ளே விடாதீர்கள். புதைந்தால் மீட்க ஆள் கிடைப்பது கடினம், தரையிலும் ஆழமான தடங்கள் விழும். கெர்லாக் ஊரைத் தாண்டினால் பெட்ரோல் கிடைக்காது. ரீனோவிலிருந்து போகும் வழியில் பிரமிட் ஏரியில் அரைநாள் தங்குங்கள். அது பையூட் பழங்குடியினரின் நிலம். ஏரிக்கரையில் பொழுதைக் கழிக்க அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அங்கிருந்து வடக்கே போகும் சாலையில் வலப்பக்கம் வெள்ளையாகத் தெரிவது வின்னமுக்கா.