போரைப் படிக்க விரும்புவோருக்கு: கேள்வி பதில்

போர், பாதுகாப்பு, அமைதி பற்றிய முதுகலைப் படிப்பைக் குறித்து சிங்கப்பூரில் நம்மவர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கப்பல் காப்புறுதித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக இதைப் படித்தவள் நான். அதனால் என் பதில்களில் கொஞ்சம் கடல் வாடை அடிக்கும்.

ஈசூன், பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு மாணவர்: அக்கா, உத்தியியல் ஆய்வு, அனைத்துலக உறவுகள், அமைதி ஆய்வு என்கிறார்களே, மூன்றும் ஒன்றுதானா?

வடகொரியா ஓர் ஏவுகணையைச் சோதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அதை எப்படித் தடுப்பது, எந்த மிரட்டலுக்கு அது பணியும் என்று கேட்பவர் உத்தியியல்காரர். சீனாவும் அமெரிக்காவும் அதைச் சாக்காக வைத்து என்ன செய்யும் என்று பார்ப்பவர் அனைத்துலக உறவுகள் படித்தவர். 1953இல் செய்த போர்நிறுத்தம் இன்றுவரை அமைதி உடன்படிக்கையாக மாறாதது ஏன் என்பது அமைதி ஆய்வாளரின் கவலை.

முதல் இரண்டுக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலுள்ள எஸ். ராஜரத்னம் அனைத்துலகக் கல்விக் கழகத்திலேயே முதுகலைப் படிப்புகள் உண்டு. 1996இல் தற்காப்பு, உத்தி ஆய்வுக் கழகமாகத் தொடங்கி, 2007இல் நம் முதல் வெளியுறவு அமைச்சரின் பெயரைப் பெற்றது. போரியலுக்கென்றே தனித்துறை வேண்டுமென்றால் லண்டன் கிங்ஸ் கல்லூரி. அமைதி ஆய்வுக்குச் சுவீடனின் உப்சாலா. ஆனால் கல்லூரியைத் தேடுவதற்கு முன் உங்களை உறுத்தும் கேள்வி எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர் பெற்ற இடத்தில் சேர்ந்துவிட்டு, எதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுவது என்று முழிப்பவர்கள் நிறைய.

செங்காங், ஒரு தாயார்: மகள் இதைத்தான் படிப்பேன் என்கிறாள். ராணுவத்தில் சேரப் போகிறாளா? வேறு என்ன வேலை கிடைக்கும்?

பயப்படாதீர்கள் அம்மா. வகுப்பில் ராணுவ அதிகாரிகளும் இருப்பார்கள். பக்கத்திலேயே செய்தியாளரும் வங்கி ஊழியரும் உட்கார்ந்திருப்பார்கள். அரசாங்கத்தில் தற்காப்பு, வெளியுறவு, உள்துறை அமைச்சுகள் எல்லாருக்கும் தெரிந்தவை. தனியார் துறையைத்தான் பலர் யோசிப்பதில்லை.

என் துறையையே சொல்கிறேன். 2005 ஜூனில் லண்டன் காப்புறுதிச் சந்தையில் கப்பல்களுக்கு ஆபத்தான கடற்பகுதிகளைப் பட்டியலிடும் கூட்டுப் போர்க் குழு, மலாக்கா நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்தது. அங்கே போர் எதுவும் நடக்கவில்லை, கடற்கொள்ளை இருந்தது. அந்த ஒரு முடிவால், இவ்வழியே போகும் கப்பல்களிடம் கூடுதல் கட்டணம் கேட்கக் காப்புறுதி நிறுவனங்களுக்கு வழி பிறந்தது. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனீசியா மூன்றும் 2004இலேயே ஒருங்கிணைந்த கடற்சுற்றுக்காவலைத் தொடங்கியிருந்தன. 2005 செப்டம்பரில் வான்வழிச் சுற்றுக்காவலும் சேர்ந்தது. 2006 ஆகஸ்டில் நீரிணையின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. எது ஆபத்து என்று யார் முடிவு செய்கிறார்கள், எந்த ஆதாரத்தை வைத்து, அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? இப்படிக் கேட்கத் தெரிந்த ஆள் கப்பல் நிறுவனத்துக்கும் வேண்டும், வங்கிக்கும் வேண்டும். 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, பல ஆப்பிரிக்காவைச் சுற்றி வரத் தொடங்கியபின் இந்தத் தேவை கூடத்தான் செய்தது. சம்பளம் மட்டுமே குறி என்றால் கணக்கியல் படிக்கச் சொல்லுங்கள், அதில் தவறில்லை.

பொங்கோல், மென்பொருள் பொறியாளர்: அரசியல் படித்ததே இல்லை. இடம் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். உங்களுக்கு அங்கே வேலையும் இருக்கிறது. உலகின் மோதல்களைக் கணக்கெடுக்கும் உப்சாலாவின் தரவுத் திட்டம், ஒரு மோதலில் ஓர் ஆண்டுக்குக் குறைந்தது 25 பேர் சண்டையில் இறந்தால்தான் அதை ஆயுத மோதல் என்று கணக்கில் சேர்க்கும். 1000 பேர் இறந்தால் போர். 24 பேர் இறந்த ஊர் அந்த அட்டவணையில் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கட்டுரை எழுதும் பழக்கத்தை மட்டும் இப்போதே தொடங்குங்கள்.

புக்கிட் பாத்தோக், யாழ்ப்பாண வம்சாவளிப் பெண்: இலங்கைப் போரைப் பற்றி ஆய்வு செய்யலாமா? நடுநிலை இல்லை என்று ஒதுக்கிவிடுவார்களா?

தாராளமாகச் செய்யுங்கள் தங்கச்சி. தமிழில் வந்த செய்தியையும் அறிக்கையையும் நேரே படிக்க முடிவது பெரிய பலம். அதே பலம் காலையும் வாரும்: தெரிந்த கதையைத்தானே சொல்கிறோம் என்று ஆதாரம் காட்டாமல் நகர்ந்துவிடுவோம். அதற்கு ஒப்பீடு நல்ல மருந்து. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை, உள்நாட்டுப் போர் கண்ட இந்தோனீசியாவின் ஆச்சேயையும் இலங்கையையும் ஒரே நாளில் அடித்தது. ஆச்சேயில் அரசுக்கும் பிரிவினைப் போராளிகளுக்கும் இடையே 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கி அமைதி உடன்பாடு கையெழுத்தானது. இலங்கையிலோ 2002 பிப்ரவரியில் நார்வே நடுநின்று கொண்டுவந்த போர்நிறுத்தம் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. நிவாரணப் பணிக்கென அரசும் புலிகளும் 2005 ஜூனில் செய்த கூட்டுப் பொறிமுறையின் சில பகுதிகளுக்கு அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2009 மே மாதம் வரை என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பேரழிவு ஓரிடத்தில் சமாதானத்தோடும் இன்னோரிடத்தில் போரோடும் முடிந்தது ஏன்? பலர் தொட்ட கேள்விதான். தமிழ் மூலங்களோடு நீங்கள் தொட்டால் புதிது. யார் பக்கம் என்று எவராவது கேட்டால் அடிக்குறிப்புகளைக் காட்டுங்கள்.

தோ பாயோ, ஓய்வுபெற்ற ஆசிரியர்: போரைப் படிக்கப் படிக்க அதில் மோகம் வந்துவிடாதா அம்மா?

சிலருக்கு வருகிறது ஐயா. டாங்கியின் எடையை ஒப்பிப்பார்கள்; அது ஊருக்குள் நுழைந்தபின் என்ன ஆனது என்று கேட்டால் பதில் இருக்காது. தொண்டைமானின் ஆயுதச்சாலையைப் பார்த்துவிட்டு, இவை பீலி சூட்டி நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாராம் தூது போன ஔவையார். அச்சுறுத்திப் போரைத் தவிர்ப்பது என்ற பாடத்துக்கு அதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. நீங்கள் மாணவர்களுக்கே நடத்தியிருப்பீர்கள்.

ஜூரோங், வேலை அனுமதியில் இருப்பவர்: நான் இந்தியக் குடிமகன். படித்தபின் இங்கேயே இந்தத் துறையில் வேலை கிடைக்குமா?

அரசாங்கப் பாதுகாப்பு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஆய்வு நிறுவனம், கப்பல், வங்கி, ஊடகம் ஆகியவற்றில் முயலலாம். இப்போதிருக்கும் வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிக்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் அனுமதிச் சீட்டின் விதிகள் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்பதை மனிதவள அமைச்சிடமே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.