வேறொருவர் கையால் ஆடுவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெச்சூர் பூல் லீகில் எட்டுப் பந்து ஆடும் ஓர் அணிக்கு நான் கேப்டன். எளிய பந்தைத் தவறவிட்டால் க்யூவின், அதாவது பந்தை அடிக்கும் கோலின், அடிமுனையைத் தரையில் குத்திவிடுகிறேன். டைம்அவுட் எடுத்து, அதாவது ஆடுபவருக்கு ஆலோசனை சொல்ல ஆட்டத்தை நிறுத்தி, நான் தெளிவாகச் சொன்னதை அணியினர் செய்யாமல் விடும்போது வரும் கோபம் அதைவிட மோசம். சென்ற வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வேறுவிதமாக ஆடித் தோற்றார்; நாற்காலியிலிருந்தே கத்திவிட்டேன். மூச்சுப் பயிற்சி உதவுமா? க்யூவை மாற்றலாமா? அல்லது கேப்டன் பொறுப்பை விட்டுவிடுவதே நல்லதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நான் நெடுநாளாக மறக்க முயலும் ஒரு கருப்புப் பந்தை, ஆட்டத்தை முடிக்கக் கடைசியாகப் போடும் அந்த எட்டாம் பந்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே இந்தப் பதிலில் பாதி எனக்கே எழுதிக்கொண்டது.

க்யூ பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். மூச்சுப் பயிற்சியால் கெடுதல் இல்லை, செய்யுங்கள். பூலில் கோபம் செலவாவதற்கு வழியில்லை என்பதுதான் சிக்கல். ஓடியாடும் விளையாட்டுகளில் அது கால் வழியே வெளியேறிவிடும். இங்கோ, தவறவிட்டவர் நாற்காலிக்குத் திரும்பி, எதிராளி ஒவ்வொரு பந்தாகப் பாக்கெட்டில் (மேசைக் குழியில்) போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அந்தக் கோபத்தோடு எழுந்து வந்தால் பின்கை க்யூவை இறுக்கும், இறுகிய கை முனையைக் கோட்டிலிருந்து விலக்கும், அடுத்த பந்தும் கைநழுவும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் உங்களைக் கடிந்துகொள்வது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு சொல்லுக்காக. ‘தெளிவாக’ என்கிறீர்கள். யாருக்குத் தெளிவு? அமெரிக்காவின் ஏபிஏ என்ற பூல் சங்கத்தின் எட்டுப் பந்து லீகில் திறன்நிலை 3 அல்லது அதற்குக் கீழே உள்ளவருக்கு ஒரு ரேக்கில், அதாவது ஓர் ஆட்டத்தில், 2 டைம்அவுட்கள் உண்டு, மற்றவர்களுக்கு ஒன்றுதான். புதியவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அந்தச் சலுகையை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? க்யூ தொடும் வெள்ளைப் பந்தைக் கீழே அடி, கொஞ்சம் இடப்பக்கச் சுழல் கொடு, இரண்டு குஷன் (மேசை விளிம்பு) தொட்டுவந்து அடுத்த பந்துக்கு நிற்க வை என்று, நம் கை பத்தாண்டுகளில் கற்றதை ஒரே நிமிடத்தில் இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு, அது நடக்காதபோது அவர் நம்மை அவமதித்துவிட்டதாக நினைக்கிறோம். அந்தப் பெண் தலையாட்டியது புரிந்ததால் அல்ல, ஐயா. நீங்கள் சீக்கிரம் போய் உட்கார வேண்டும் என்பதற்காக.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் இதைச் செய்திருக்கிறேன். என் அணியில், என்னைவிட மூத்தவர், ஆட்டத்தில் மட்டும் இளையவர் ஒருவர் இருந்தார். கடைசி ரேக், அவருக்குக் கருப்பு மட்டுமே மிச்சம். அது மூலை பாக்கெட்டிலிருந்து இரண்டடி தள்ளி, வெள்ளையோடு நேர்கோட்டில் நின்றது. மெதுவாக உருட்டிவிடுகிறேன் என்றார். நேர்கோட்டில் உருட்டினால் வெள்ளையும் பின்னாலேயே போய் விழும், கருப்போடு வெள்ளையும் விழுந்தால் தோல்வி என்று நான் பதறி டைம்அவுட் எடுத்து, நடுவுக்குக் கீழே வேகமாக அடித்து வெள்ளையை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். அவருக்கு அந்த அடி பழக்கமில்லை. கை வெட்டி இழுத்தது. கருப்பு பாக்கெட்டின் வாயில் மோதி அங்கேயே நின்றது. பந்து நிற்பதற்கு முன்பே அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எதிராளி மிச்சமிருந்த இரண்டு பந்துகளையும் கருப்பையும் போட்டு முடிக்கும்வரை, அவர் மேசையைப் பார்க்கவே இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு பந்துகளும் ஏறக்குறைய ஒரே எடை. இயல்பாக உருண்டு வரும் வெள்ளை, நேருக்கு நேர் மோதிய பின் தன் வேகத்தில் ஏழில் இரண்டு பங்கோடும், கருப்பு ஏழில் ஐந்து பங்கோடும் உருளும். குறுக்கே எதுவும் இல்லாத மேசையில் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே கருப்பு 25 அங்குலம் போனால் வெள்ளை 4 அங்குலம் மட்டுமே பின்தொடரும். கருப்பு விழுவதற்குப் போதுமான வேகத்தில் அவர் உருட்டியிருந்தால், வெள்ளை பாக்கெட்டின் பக்கத்தில்கூடப் போயிருக்காது. வேகமாக அடிப்பவருக்குத்தான் அந்த ஆபத்து, அதாவது எனக்கு. என் பயத்தை அவர் கையில் கொடுத்து ஆடச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, ஆளில்லாத நேரத்தில் அதே இடத்தில் பந்துகளை வைத்துப் பத்து முறை மெதுவாக உருட்டிப் பார்த்தேன். வெள்ளை ஒருமுறைகூட விழவில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று.

எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போது, தீர்மானமான கடைசி ரேக்கில் ஒருவர் தன் க்யூவை இரண்டு துண்டாகக் கழற்றினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளும் விதி பூலில் நெடுங்காலம் இருந்தது. நாற்காலியிலிருந்து கத்தியபோது, அந்தப் பெண்ணின் க்யூவை அவருக்காக நீங்கள் கழற்றிவிட்டீர்கள்.

கேப்டன் பொறுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த சீசன் முடியும்வரை விட வேண்டாம். கத்திவிட்டு விலகுவது கோழைத்தனம். அடுத்த டைம்அவுட்டில் ‘என்ன ஆட நினைத்தீர்கள்?’ என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது பாதி சரியாக இருந்தாலும் அதையே ஆடச் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். அதற்கு முன்னால், சென்ற வாரத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். என்னைப் போல ஓராண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்.