பூசணம் பூத்த எலுமிச்சையை வெட்டிவிட்டுப் பிழியலாமா?

கேள்வி: விலை மலிவாகக் கிடைத்ததால் இரண்டு கிலோ எலுமிச்சை வாங்கி, கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தேன். பத்து நாளில் பாதி காய்ந்து கல்லாகிவிட்டது. சிலவற்றில் பச்சைப் பூசணம். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாமா? காய்ந்ததில் வைட்டமின் சி இருக்குமா? மாமியாருக்கு ஆஸ்துமா உண்டு.

பதில்: வெட்ட வேண்டாம், முழுப் பழத்தையும் எறிந்துவிடுங்கள். கேரட் போன்ற கெட்டியான காயில் சுற்றிலும் ஒரு அங்குலம் வெட்டி மீதியைச் சமைக்கலாம். சாறுள்ள பழத்தில் பூஞ்சை இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும்.

பச்சைப் பொடி கடைசிக் கட்டம்தான். முதலில் தோலில் ஓரிடம் நீர்கோத்து, விரல் வைத்தால் அமுங்கும். பிறகு வெள்ளை படரும். அதன் நடுவில்தான் பச்சை. அமுங்கும்போதே அந்தப் பழத்தை எடுத்துவிட்டால் மற்றவை தப்பும்.

கழுவி ஈரத்தோடு வைத்தது பூஞ்சைக்குத் தோதாகிவிட்டது. தோலில் உள்ள சிறு கீறல் வழியாகத்தான் அது நுழைகிறது. ஆகவே கீறல் விழுந்தவற்றை முதலில் பிழிந்து தீர்த்துவிடுங்கள். மற்றவற்றை உலர்ந்த துணியால் துடைத்து, ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். மூன்று, நான்கு வாரம் தாங்கும். திறந்து வைத்தால் ஃப்ரிட்ஜின் வறண்ட காற்று தோல் வழியே நீரை உறிஞ்சிவிடும். உங்கள் பழம் கல்லானது அதனால்தான். பயன்படுத்தும்போது கழுவினால் போதும். தோல் தளர்ந்த கமலா ஆரஞ்சுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஒன்றிரண்டு வாரத்தில் சாப்பிட்டுவிடுங்கள்.

வைட்டமின் சி பற்றிக் கவலை வேண்டாம். பழத்தின் புளிப்பே அதைக் காக்கிறது. காய்ந்த பழத்தில் சாறுதான் குறையும். பூசணம் இல்லாவிட்டால் தாராளமாகப் பிழியலாம். பிழிந்த சாற்றில்தான் காற்று பட்டு இழப்பு தொடங்கும். கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று நாளில் முடியுங்கள். அலுமினியம், பித்தளைப் பாத்திரம் கூடாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும். நிறைய இருந்தால் ஐஸ் ட்ரேயில் உறைய வையுங்கள்.

பூசணப் பழத்தை முகர்ந்து பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பச்சைப் பொடி முழுக்க வித்துகள். ஆஸ்துமா உள்ளவர் மூச்சில் இழுத்தால் இளைப்பு கிளம்பலாம். தட்டாமல் கொட்டாமல் கவரில் கட்டி எறிந்து, ஃப்ரிட்ஜ் தட்டைச் சோப்பு நீரால் துடைத்து உலர்த்துங்கள். மாமியார் அந்த நேரம் அடுக்களைக்கு வர வேண்டாம். தெரியாமல் அந்தச் சாற்றைக் குடித்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இளைப்பு, தடிப்பு, விடாத வாந்தி வந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.